ஹாய்ங்க, டீச்சரம்மா!

என் மகள் ஜப்பான் மொழி படிக்கிறாள். திருச்செங்கோட்டில், எங்கள் ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே...

பல்கலைக்கழகம் நடத்தும் ஆன்லைன் கோர்ஸ். பாடம் நடத்துவது லேப்டாப்; அதில் பேசும் பெண் குரல்தான் என் மனைவிக்கு 'டீச்சரம்மா'. திருத்துவதும் லேப்டாப். கடைசி வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் டோக்கியோவிலிருந்து நிஜமான டீச்சர் ஒருவர் திரையில் வருவார். அதில் பாஸானால்தான் ஜப்பான் கம்பெனி இன்டர்வியூவுக்கே கூப்பிடும்.

ரொம்பக் கஷ்டமான மொழியா? ஜப்பானில் 'ஆமாம்' என்பதற்கு 'ஹாய்'. அவ்வளவுதான். வம்பு வந்ததும் அங்கேதான்.

"ஏஞ்சாமி, டீச்சரம்மாவுக்கே ஹாய் சொல்ற? அவுங்க என்ன உன் கூட்டாளியா?" — சமையலறையிலிருந்து என் மனைவி.

"ஐயோ அம்மா, ஹாய்னா ஆமான்னு அர்த்தம்!"

"நீ யாருகிட்டயாச்சும் வெறும் ஆமான்னு சொல்லுவியா? மொட்டையாப் பேசுனா வளத்தவளத்தான் வைவாங்க."

மகளுக்கும் மொட்டையாகச் சொல்ல நாக்கு வரவில்லை. "ஹாய்ங்க" என்றாள். லேப்டாப் சிவப்பில் பெருக்கல் குறி போட்டது. மறுபடி "ஹாய்ங்க". மறுபடி பெருக்கல் குறி. தெருவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி உறுமிக்கொண்டு போனால்கூடப் பொறுத்துக்கொள்கிற லேப்டாப், ஒரு 'ங்க'வைப் பொறுக்கவில்லை.

புது மொழி வேண்டுமென்றால் பழைய நாக்கைக் கழற்றி வைக்க வேண்டுமாம். நாக்கு என்ன செருப்பா, வாசலில் விட்டுவிட்டு வர?

ஆனாலும் பாவம், வேலை வேண்டுமே. தேன்போல ஒட்டியிருந்த 'ங்க'வைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.

தேர்வு நாள். வீட்டில் குக்கருக்குத் தடை. மிக்ஸிக்குத் தடை. எனக்கு மூச்சுவிட மட்டும் அனுமதி.

டீச்சர் கேட்கக் கேட்க, "ஹாய்... ஹாய்..." — சுத்தமான ஜப்பான்! கடைசிக் கேள்வி: ஜப்பான் கம்பெனியில் வேலை உண்மையிலேயே வேண்டுமா? ஆசை முந்திக்கொண்டது.

"ஹாய்ங்க!"

டீச்சர் நிமிர்ந்தார். "ங்க...?"

மகளின் முகம் வெளுத்துவிட்டது. பெரியவர்களிடம் பேசும்போது எங்கள் ஊரில் இதை ஒட்டாமல் விடமாட்டோம் என்று, தட்டுத்தடுமாறி ஜப்பான் மொழியிலேயே விளக்கினாள். அதற்குள் கரண்டியோடு திரைக்குள் தலையை நீட்டிவிட்டாள் என் மனைவி.

"மருவாதிங்க டீச்சரம்மா! புள்ள தெரியாம சொல்லலீங்க. தெரிஞ்சுதானுங்க சொல்லுச்சு!"

போச்சு. கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது திரையில் டீச்சரின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார்!

"பாஸ்" என்றார் நிமிர்ந்து. ஏதோ குறைவதுபோல் யோசித்தார். பிறகு சேர்த்துக்கொண்டார்: "...ங்க."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா? டோக்கியோ டீச்சரம்மாவுக்கு உடனே வந்துருச்சு. மெட்ராசு போன உங்க தம்பிக்குத்தான் போனதுமே போயிருச்சு!"