மாமாவுக்கு மலை ஏற வராது

எங்கள் ஊர் மலையை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பாறை என்றுதான் சொல்வார்கள். உச்சியில் ஒரு வேல் நட்டிருக்கிறது. வேல் இருந்தால் மலைதானே. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளை எங்கள் பக்கம் கரிநாள் என்பார்கள். அன்று காலையில் பிள்ளைகள் எல்லாரும் கரும்பும் கட்டுச்சோறுமாக மலையேறுவோம் என்று சொல்ல ஆசைதான். ஏறுவார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் வேலைத் தொட்ட ஆள் கரும்பை ஒடிக்கலாம். அதுவரைக்கும் யாரும் பல் வைக்கக் கூடாது.

நான் அந்தக் கரும்பை ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் தின்றேன். எனக்கு வீசிங். மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு மட்டும் ஊரடங்கு. எங்கள் மாவட்டத்துக் குளிர் ஒன்றும் பெரிய குளிர் இல்லை, வெயில் கொஞ்சம் லீவு எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அம்மா அதற்கே குரங்குக் குல்லாய், ஸ்வெட்டர், தைலம் என்று என்னைப் பொட்டலம் கட்டிவிடுவார்.

ஏழாவது படித்த வருஷம் நான் அடம்பிடித்தேன். சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அம்மா இறங்கி வந்தார், ஒரு கண்டிஷனோடு. மாமா கூட வருவார். எனக்கு மூச்சு இரைத்தால் அந்த இடத்திலிருந்தே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார், அப்புறம் மலைப் பேச்சே எடுக்கக் கூடாது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. வல்லத்திராக்கோட்டையில் கபடி ஆடுகிறவர். உர மூட்டையை ஒற்றைக் கையால் தோளுக்கு ஏற்றுவார். அவரைக் கூட்டிப்போனால் நாங்கள்தான் முதலில் தொடுவோம் என்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவிடம் பீற்றிக்கொண்டேன். கூடப் படிக்கும் கார்த்திக்கும் எங்கள் செட்டில் சேர்ந்துகொண்டான்.

பனி விலகும் முன்பே கிளம்பினோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குல்லாயைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். பாதி தூரம்கூட ஏறியிருக்க மாட்டோம், நெஞ்சுக்குள் மெல்லிசாக விசில் அடிக்க ஆரம்பித்தது. மாமா காதில் விழுந்துவிடக் கூடாதே என்று சத்தம் போட்டுப் பேசினேன். அந்த நேரம் பார்த்து மாமா கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார்.

"ஆத்தா, நரம்பு இழுத்துக்கிருச்சு. செத்த ஒக்காந்துட்டு வாரேன். என்னைய விட்டுட்டுப் போயிறாத."

போக முடியுமா? ஸ்டெல்லாவும் கார்த்திக்கும் முன்னால் போய்விட்டார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். விசில் அடங்கியது. நல்லவேளை, மாமா கவனிக்கவில்லை. மறுபடி ஏறினோம். மறுபடி விசில். இப்போது அவருக்குக் காலில் முள். தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு முள்ளும் அகப்படவில்லை. அதற்கப்புறம் கீரனூரிலிருந்து யாரோ போன் பண்ணினார்கள் என்று நின்றார். கைலியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். எங்களைத் தாண்டி வாண்டுகள் எல்லாம் ஓடின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஆளை நம்பி வந்தேனே என்று மனசுக்குள் திட்டினேன், கொஞ்சம் வாய்விட்டும் திட்டினேன். அவர் தண்ணி பாட்டிலை நீட்டி, குடிக்கச் சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் உச்சிக்குப் போனபோது பாறையெல்லாம் கரும்புச் சக்கை. ஆனாலும் வேலைத் தொட்டேன். இரும்பு ஜில்லென்று இருந்தது. கண்மாய், வயல், எங்கள் வீட்டுத் தண்ணித் தொட்டி எல்லாம் காலுக்குக் கீழே கிடந்தன. அவ்வளவு சந்தோஷம். கடைசியாகத் தொட்டோமே என்று அவ்வளவு ஆத்திரமும். ஸ்டெல்லா எனக்கென்று ஒரு துண்டுக் கரும்பை ஒளித்து வைத்திருந்தாள். கார்த்திக் மாமாவைப் பார்த்து, இவரா கபடி ஆடுகிறவர் என்று கேட்டான். மாமாவுக்கு ரோஷமே வரவில்லை.

இறங்கும்போது ஒரே மூச்சில் இறங்கினோம். அவர் கால் அப்போது எப்படிச் சரியாயிற்று என்று நான் யோசிக்கவில்லை. மாமாவுக்கு மலை ஏற வராது என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அம்மா நான் மூச்சுக்கு இழுக்கும் பஃப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். என்னிடம் கேட்காமல் மாமாவிடம் கேட்டார்.

"மூச்சு வாங்குச்சாடா?"

"எனக்குத்தான்க்கா வாங்குச்சு. எடத்துக்கு எடம் ஒக்காந்துட்டேன். ஒம் மக ஏறிப்புட்டா."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் உரித்த கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கறிச்சோறு. குழம்பில் கிடந்த ஈரல் துண்டுகளை எப்போதும் எனக்குத்தான் போடுவார் அம்மா. அன்றைக்குக் கரண்டியால் துழாவித் துழாவி எடுத்து, அத்தனையையும் மாமா இலையில் வைத்தார். வேலைத் தொட்டது நான். மலை ஏறத் தெரியாத ஆளுக்கு எதற்கு ஈரல் என்று, சோற்றில் கை வைக்காமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.