மூக்கு நீண்ட எஞ்சினும் முகம் கொடுக்காத இருவரும்

போன செவ்வாய்க்கிழமை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தேன். கேட் மூடியாயிற்று. மூடினால் என்ன? ஓரத்துச் சந்து எதற்கு இருக்கிறது? எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் செல்வியக்கா, காசிமேட்டில் ஏற்றிய பெட்டிகளோடு மூன்று சக்கர மீன்பாடி வண்டியை அந்தச் சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டார். தண்டவாள இடுக்கில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது.

அப்போதா வர வேண்டும், ஹார்பருக்குப் போகும் கூட்ஸ்!

இழுத்து வந்தது பழைய டீசல் எஞ்சின். டபிள்யூடிஎம்-டூ என்பார்கள். அறுபதுகளில் இந்தியாவுக்கு வந்த ரகம், இந்தப் பக்கம் ஒன்றிரண்டுதான் மிச்சம். கரும்புகை, காதைக் கிழிக்கும் உறுமல்... ஆனாலும் எனக்கு அதன்மேல் தனி மரியாதை. மேலே மின்கம்பியை எதிர்பார்க்காது. டீசலை எரித்து, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே சமைத்துக்கொண்டு ஓடும்.

ஒரே ஒரு சங்கடம் — கேபின் ஒரு கோடியில். மீதியெல்லாம் இயந்திரம் அடைத்த நீள மூக்கு. அந்த மூக்கு முன்னால் போகும்படி ஓட்டினால், டிரைவருக்குத் தன் பக்கம் மட்டும்தான் சரியாகத் தெரியும். மறுபக்கத்தை உதவி டிரைவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்றும் மூக்குதான் முன்னால். டிரைவர் ரஹீம் பாய். உதவி டிரைவர் சேகர். இருவரும் எங்கள் அபார்ட்மென்ட்காரர்கள். பைக் நிறுத்தும் இடத் தகராறில் மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

செல்வியக்கா நின்றது சேகர் பக்கம்.

"வண்டிய விட்டுட்டு ஓடி வாங்கக்கா!" என்று கத்தினேன்.

"மீன வுட்டுட்டு வந்து இன்னாத்த துன்றது?" என்று அவர் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார்.

சேகர் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். பார்த்தார். உள்ளே திரும்பி அலறினார். அடுத்த கணமே பிரேக்! ஊர்ந்து வந்த வண்டிதான். ஆனாலும் கூட்ஸ் ஆயிற்றே... கிறீச்சிட்டுக்கொண்டே வந்து, செல்வியக்காவுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது.

ரஹீம் பாய் இறங்கி, மூக்கைச் சுற்றிக்கொண்டு வந்தார். அப்போதுதான் அவர் செல்வியக்காவையே பார்க்கிறார். அப்படியே ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டார். சேகரும் கேட்டில் நின்றிருந்த நாங்களும் மீன் வண்டியைத் தூக்கி நகர்த்தினோம்.

மாலையில் டீக்கடையில் பாயைப் பிடித்தேன்.

"சேகரோட பேச்சே கிடையாதே பாய்... அவர் சொன்னதும் என்ன ஏதுன்னு கேட்காம நிறுத்திட்டீங்களே?"

"இன்னா சார் பேசுற? கேட்டுகினு இருந்தா அந்தம்மா இருந்திருக்குமா? அந்தாண்ட இன்னா கீதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? அவன் சொன்னா சொன்னதுதான்."

"அப்போ சமாதானமா?"

"அது வேற சார்!"

புது எஞ்சின்களில் உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு பக்கமும் தெரிகிறது. நல்லதுதான். இந்தப் பழைய எஞ்சினோ, சண்டைக்காரனையும் நம்ப வைத்துவிடுகிறது. சும்மாவா அதற்கு மரியாதை?

நமக்குத் தெரியாத பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறவர், நமக்குப் பிடித்தவராக வேறு இருக்க வேண்டுமா என்ன?