தம்பியின் பங்கு மாத்திரை

பள்ளிவாசல் தொட்டியில் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்துகொண்டிருந்தபோதுதான் முதலில் தெரிந்தது. கை குளிர்ந்தது, கால் குளிரவில்லை. பாதம் நனைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் நம்பினேன். தொழுகையில் காலை மடித்து உட்கார்ந்தால் உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. நடந்தால் தேவலை, நின்றால் மறுபடியும் எரிச்சல். அந்த வாரம் முழுக்க நான் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அப்போது எனக்கும் தம்பி காசிமுக்கும் டி.பி. (நுரையீரலை அரிக்கும் காசநோய்). முதலில் இருமியவன் நான். ஒரே வீடு என்பதால் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. இருவருக்கும் ஒரே மாத்திரை, ஐசோநயாசிட் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து). எங்கள் அத்தா (அப்பா) இதே நோயில் மருந்தில்லாமல் போனவர். அதனால் அந்தச் சின்ன மாத்திரையை நான் பிஸ்மி (இறைவன் பெயர்) சொல்லித்தான் விழுங்குவேன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவன் நான். கண்ணை மூடித் தடவியே இது நத்தத்து ஆடு, இது வடமதுரை ஆடு என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். அதில் பாதி பொய். ஆனால் ஊசிமுனைத் தழும்புகூட என் விரலுக்குத் தப்பாது என்பது மெய். கால் மரத்துப்போனது போதாதென்று விரல் நுனிகளும் மரக்க ஆரம்பித்தன. முதல் தரம் என்று நான் கட்டி வைத்த கட்டிலிருந்து முதலாளி மூன்று தழும்புத் தோல்களை உருவி என் முன்னால் போட்டார். திட்டியிருந்தால் தேவலை.

கையும் காலும் மரத்துப்போனால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், குஷ்டம். வீட்டில் கல்யாண வயதில் இரண்டு மகள்கள். காசநோய்க்குப் பார்க்கும் கிளினிக் டாக்டரம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. மனைவியின் தையல் ஊசியை எடுத்துத் தினமும் காலைக் குத்திப் பார்ப்பேன். வலித்தால் சந்தோஷம். நேற்று வலித்த இடம் இன்று வலிக்காவிட்டால் அன்று யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

காசிமுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இருமல் நின்றதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் பொட்டலத்தோடு வந்தான்.

“அண்ணே, எனக்கு நல்லாத்தான் இருக்கு. நெதம் திங்க முடியல. மிச்சம் இருந்தா கிளினிக்குல எண்ணிப் பாத்து வைவாக. நீ வச்சுக்க.”

“ஏலே, அது ஒனக்குக் குடுத்ததுடா.”

“ஒரே வயித்துப் பிள்ளைகதான? யார் தின்னா என்ன?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குஷ்டமாக இல்லாமல் நெஞ்சு நோயே காலுக்கு இறங்கியிருக்கக்கூடாதா, ஒன்றுக்கு இரண்டாகத் தின்றால் துரத்திவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் தம்பி பங்கையும் சேர்த்து விழுங்கினேன். எரிச்சல் முழங்காலுக்கு ஏறியது.

கடைசியில் ஒருநாள் காலில் ஆணி ஏறி ரத்தம் வழிய வீட்டுக்குள் நடந்தேன், எனக்கே தெரியாமல். மனைவி ஜைத்தூன்தான் தரையைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். “குஷ்டமோ என்ன எழவோ, இருக்குறத டாக்டரம்மாட்டச் சொல்லுங்க. நீங்க வரலைன்னா நான் போறேன்.”

டாக்டரம்மா என் தோலில் படை இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். “இது குஷ்டம் இல்ல பாய். மாத்திரையால வந்த நரம்பு அழற்சி (நரம்பு நுனிகள் பழுதாவது),” என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். எத்தனை மாத்திரை என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“காசிம் எங்க?”

எங்கள் இருவர் சிறுநீரையும் சென்னைக்கு அனுப்பிச் சோதித்தார்கள். முடிவு வந்ததும் பொறுமையாக விளக்கினார். இந்த மருந்தை மாற்றி வெளியேற்றும் வேகம் ஆளுக்கு ஆள் வேறாம். அது தாய் தகப்பனிடமிருந்து பிறவியிலேயே வருவது, கூடப்பிறந்தவர்களுக்குள்ளும் மாறும். நான் மெதுவானவன். மருந்து என்னிடம் தங்கித் தங்கி நரம்புக்கு வேண்டிய வைட்டமினைக் காலி செய்துவிட்டது. இரட்டை மாத்திரை அதற்கு மேலும் தோது செய்திருக்கிறது. காசிம் வேகமானவன்.

“அவருக்கு மருந்து உடம்புல ரொம்ப நேரம் நிக்காது பாய். நாள் தவறாமச் சாப்பிட்டா அதனால ஒரு குறையும் இல்ல. விட்டு விட்டுச் சாப்பிட்டாத்தான் கிருமிக்குக் கொண்டாட்டம்.”

அவன் சளியில் கிருமி திரும்பியிருந்தது. அது இப்போது அந்த மாத்திரைக்கு மசியவில்லை.

எனக்கு அளவைச் சரிசெய்து, கூடவே பைரிடாக்சின் (நரம்பைக் காக்கும் வைட்டமின்) கொடுத்தார்கள். ஆறேழு மாதத்தில் விரல் நுனிகள் திரும்பின. காசிமுக்கு வேறு மருந்து, ஊசி, பிறகு மதுரை ஆஸ்பத்திரி. கடைசியாகப் பார்த்தபோது என் கையைப் பிடித்துப் பார்த்தான்.

“வெரலு சரியாயிருச்சா அண்ணே?”

“ஆயிருச்சுடா.”

“அப்பச் சரி,” என்றான். பத்து நாளில் போய்விட்டான்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் இரண்டு பேருக்கு ஒரே நோய் இருக்கலாம். மாத்திரையைப் பங்கு போடாதீர்கள். எரிந்தால் எரிகிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அது உங்கள் குற்றமில்லை.

சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. எல்லாரும் என்னைப் பிழைத்தவன் என்கிறார்கள். எனக்கோ, நேற்று விழுங்கியது இன்றும் உள்ளே நடமாடும் உடம்பு இது என்ற நினைப்பு போவதில்லை. தோல் தரம் பிரிக்கிறேன். உள்ளங்காலில் மட்டும் எரிச்சல் மிச்சமிருக்கிறது. போன மாதம் டாக்டரம்மா வைட்டமினை இன்னும் கொஞ்ச நாள் தரட்டுமா, அதுவும் அடங்கிவிடலாம் என்றார்.

“வேணாம்மா,” என்றேன். “காசிம் பங்குல இந்த எரிச்சல்தான் மிச்சம். இருக்கட்டும்.”