இந்தப் போனிலிருந்து அந்தப் போனுக்கு

செல்போன் கடையில் போன் விற்பது சுலபம். வாங்கியவரை அந்தப் போனுக்குள் குடியேற்றுவதுதான் பெரும்பாடு. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கடையில் எனக்கு அந்த இரண்டாவது வேலை. பழைய போனில் இருக்கும் நம்பர், போட்டோ, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எடுத்துப் புதுப் போனில் வைத்துக் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். ஐபோனிலிருந்து ஐபோனுக்கு என்றாலும் அப்படித்தான். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று போகும்போதுதான் வருவது வரும், வராதது வராது. போன் மாற்றிவிட்டு, வராமல் போன ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டு நீங்களும் ஒரு கடைப் படி ஏறியிருப்பீர்கள். அப்படி ஏறி வந்தவர்களில் சிலரை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

ஒரே பிளக் பாயிண்ட்

கல்யாணமாகி அதிக நாள் ஆகாத ஜோடி. வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டில் மாடி போர்ஷனுக்குக் குடி வந்திருந்தார்கள். அவர் கையில் ஆண்ட்ராய்டு. அந்தப் பெண் கையில் அவளுடைய அண்ணன் கொடுத்த பழைய மாடல் ஐபோன். படுக்கை அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். இவர் வொயர் அவளுக்குச் சேராது, அவள் வொயர் இவருக்குச் சேராது. அவளுக்கு ஆஸ்பத்திரியில் காலை டூட்டி, இவர் வேலைக்குப் போக முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். யார் போனை முதலில் போடுவது என்பதில் தினமும் மனஸ்தாபம்.

ஒரு பக்கத்தில் இரண்டு வித முனை இருக்கிற சார்ஜர் வொயரை எடுத்துக் காட்டினேன். ரெண்டும் ஏறும், ஆனால் மெதுவாக ஏறும் என்றேன். அவர் அதை நம்பாதவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “பத்துப் பொருத்தமும் பார்த்தாங்க மேடம். இதை யாருமே பார்க்கலை.”

கை பட்டதும்

சம்பத் ஆட்டோ ஓட்டுகிறவர். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன், ஊருக்குப் போக வழியில்லை என்று சொல்லி ஒரு ஐபோனை இவரிடம் விற்றுவிட்டுப் போயிருக்கிறான். சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்த போன். வீட்டில் போய்ச் சார்ஜ் போட்டதும் திரையில் ஏதோ இங்கிலீஷில் வந்திருக்கிறது, அதற்கு மேல் நகரவில்லை. எங்கள் கடையில் ரிப்பேர் பார்க்கும் இர்ஷாத் பாயிடம் கொண்டுவந்து, எப்படியாவது திறந்து கொடுங்கள் என்று நின்றார்.

இர்ஷாத் பாய் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். “போனுக்குச் சொந்தக்காரங்க பூட்டி வச்சிருக்காங்க. அவங்க நெனச்சாதான் திறக்கும். வேற போனா இருந்தா ஏதாச்சும் பண்ணித் தருவானுங்க, நான் அந்த வேலையைத் தொடறதில்லை. இதுல அதுவும் முடியாது.” சம்பத் போனை என் பக்கம் திருப்பி, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். தொலைந்துபோன போன் இது, கிடைத்தவர்கள் தயவுசெய்து இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று படித்துச் சொன்னேன். பிரித்துப் பார்ட்ஸாக விற்றால் போட்ட பணத்தில் கொஞ்சமாவது தேறும் என்று அவருக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருந்தார்கள். அதையும் அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, “அந்த நம்பரைப் போடுங்க மேடம்” என்றார்.

எடுத்தது ஒரு பெண். சித்தூர்ப் பக்கம். பௌர்ணமிக் கூட்டத்தில் கிரிவலம் சுற்றும்போது தொலைத்திருக்கிறார். எனக்குத் தெலுங்கு வராது. தெலுங்குச் சவாரிகளை ஏற்றி ஏற்றிப் பழகிய தெலுங்கில் சம்பத்தே பேசி, கடைக்கு வழி சொன்னார். அந்த அம்மா புருஷனோடு வந்தார். போனைக் கையில் வாங்கி நாலைந்து எண்களைத் தட்டினார். உள்ளே இருந்த பிள்ளைகள் படம் வெளிச்சமாக வந்தது. அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சம்பத் ஏமாந்த கதையைக் கேட்டு அவருடைய புருஷன் பணம் கொடுத்தபோது இவர் வாங்கிக்கொண்டார்; வேண்டாம் என்று சொல்லும் நிலைமையில் இல்லை. அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார்: “நான் எத்தினி வாட்டி தேய்ச்சும் அசையலை மேடம். அவங்க கை பட்டதும் தொறந்துக்கிச்சு பாருங்க.”

எல்லாரும் எடுத்த போட்டோ

கயல் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவளுடைய அப்பா கலெக்டர் ஆபீஸில் கிளார்க். மகளுக்கு ஐபோன் வேண்டுமாம். அப்பா நியாயமான மனிதர். இந்த ஆண்ட்ராய்டில் கேமரா இப்படி, பேட்டரி இப்படி என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, “இதுல இருக்கறதைவிட அதுல என்ன ஜாஸ்தி?” என்று மகளைக் கேட்டார்.

அவள் மெதுவாகச் சொன்னாள். கூட்டாளிப் பெண்கள் எல்லாரிடமும் ஐபோன். எங்கே போனாலும் ஆளாளுக்குப் போட்டோ எடுத்து, அங்கேயே நின்று ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தள்ளிவிட்டுக்கொள்கிறார்கள். இவள் போனுக்கு அது வராது. உனக்கு அப்புறம் அனுப்புகிறேன் என்பார்கள். அந்த அப்புறம் வருவதில்லை. அனுப்பக்கூடாது என்று யாரும் நினைப்பதில்லை, மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். “கேமரா நல்லா இல்லைன்னு கேக்கலைப்பா. நான் இருக்கற போட்டோவே எங்கிட்ட இல்லை” என்றாள்.

லிங்க் போட்டு அனுப்பலாமே என்று நான் ஆரம்பித்தேன். நீங்களும் இந்த யோசனையை யாருக்காவது சொல்லியிருப்பீர்கள்; அதைக் கேட்கிறவர்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். அப்பா மட்டும் மகளையே பார்த்தபடி தன் பழைய கதை ஒன்றைச் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸில் எல்லாரும் டீ குடிக்க வண்டியில் போவார்களாம். இவரிடம் சைக்கிள். வாங்க என்று கூப்பிடுவார்களாம், ஆனால் இவர் போய்ச் சேரும்போது அவர்கள் குடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருப்பார்களாம். “அதையே குடுத்துடுங்க” என்று என்னிடம் சொன்னார்.

நான் ஐபோனை எடுக்கத் திரும்பினேன். கயல்தான் நிறுத்தினாள். அப்பா முகத்தில் என்ன பார்த்தாளோ தெரியாது. கடையில் இருக்கிற ஆண்ட்ராய்டில் கேமரா நன்றாக இருக்கும் போன் எது என்று கேட்டு, அதில் அப்பாவை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதுவே போதும் என்றாள். அப்படியானால் அந்தப் போட்டோ எல்லாம் வராதே என்று அப்பா கேட்டார். அவள் சொன்னாள்: “வராட்டி போவட்டும்பா. இனிமே நான் எடுக்கறேன், அவங்க வந்து எங்கிட்ட கேக்கட்டும்.”

காலை அலாரம்

ஜெயந்தியை அவளுடைய தம்பி கூட்டிக்கொண்டு வந்தான். புருஷன் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர், நெஞ்சுவலியில் திடீரென்று இறந்து சில மாதம் ஆகியிருந்தது. அவருடைய ஐபோன் அவள் கையில் இருந்தது. பாஸ்வேர்டு தெரியாது. மகளின் காதுகுத்துக்கு அவர் எடுத்த போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. மகள் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, வேன் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டாள். இதற்கு மேல் தப்பாகப் போட்டால் போன் மொத்தமாக முடங்கிவிடலாம் என்று சொல்லி, அவள் கையிலிருந்து நான் வாங்கி வைத்தேன்.

இர்ஷாத் பாயும் நானும் எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம். கம்பெனிக்கு எழுதலாம். கோர்ட்டில் வாங்கிய காகிதம் கேட்பார்கள். அது கிடைத்தாலும், அவர் போட்டோவை இணையத்தில் சேமிக்கும்படி வைத்திருந்தால்தான் வரும். போனுக்குள் மட்டும் இருந்தால் வராது. ஆண்ட்ராய்டாக இருந்தால் திறந்திருக்குமா என்று தம்பி கேட்டான். இப்போது வருகிற ஆண்ட்ராய்டும் கஷ்டம்தான் என்று இர்ஷாத் பாய் உண்மையைச் சொன்னார். சித்தூர் அம்மாவின் பிள்ளைகள் படத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததும் இதே பூட்டுதான். வெளியில் நிற்பது திருடனா பெண்டாட்டியா என்று அதற்குத் தெரியாது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு வேலைக்காவது ஆகுமா பார்க்கலாம் என்று தம்பி சொன்னான். ஜெயந்தி போனை என் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். வண்டி எடுக்க அவர் வைத்திருந்த அலாரம் விடியற்காலையில் இன்னும் அடிக்கிறதாம். அதைப் பாஸ்வேர்டு இல்லாமலே நிறுத்த முடிகிறது, மறுநாளும் அடிக்கிறது. சார்ஜ் இறங்கினால் அது போய்விடுமா என்று கேட்டாள். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, இறங்கவிடாதீர்கள் என்றேன். தம்பி இன்னும் ஏதோ சொல்ல வந்தபோது அவள் சொன்னாள்: “அழிக்க வேணாம்டா. அவரு மாதிரியேதான் எழுப்புது.”

வயலுக்கு ஒன்று

கோவிந்தசாமி கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி. மணிலாக் கடலையும் நெல்லும் வைக்கிறவர். பெங்களூரில் இருக்கும் மகன், தான் புதிது வாங்கிக்கொண்டு பழைய ஐபோனை அப்பாவுக்குக் கொடுத்திருந்தான். அவர் அதைத் துணியில் சுற்றி, கூடவே தன் பழைய ஆண்ட்ராய்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டை எடுத்து, “இத எங்கம்மா போடறது?” என்று கேட்டார். அதில் இருந்தது தெருக்கூத்து. ஊர் ஊராகப் போய் அவரே பதிவு செய்தது. தண்ணீர் பாய்ச்சும்போது போட்டுக் கேட்பாராம். ஐபோனில் கார்டு போட இடமே கிடையாது என்றேன். இவ்வளவு பெரிய போனில் இவ்வளவு சின்னக் கார்டுக்கா இடமில்லை என்று அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் வழியாக ஏற்றலாம் என்று முயன்றேன். ஏதாவது ஒரு ஆப் போட்டால் நடக்கும். அதற்கு மகனுடைய பாஸ்வேர்டு கேட்டது. உங்கள் மகனுக்குப் போன் போடட்டுமா என்றேன். அவர் என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். “வேணாம்மா. ஆசையா குடுத்திருக்கான். எனக்கு ஒத்துவரலைன்னு அவனுக்குத் தெரியக்கூடாது.” ஞாயிற்றுக்கிழமை ஆனால் மகன் வீடியோவில் கூப்பிடுவான். அது ஐபோனுக்கு மட்டும் வருகிற அழைப்பு. ஆண்ட்ராய்டுக்குப் போய்விட்டால், வாட்ஸ்அப்பில் கூப்பிடு என்று அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பான்.

கடைசியில் ஒரு வழி செய்தோம். சிம் கார்டு பழையபடி ஆண்ட்ராய்டுக்கே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த ஆண்ட்ராய்டிலிருந்தே ஐபோனுக்கு நெட் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒரு முறை தப்பாகச் செய்தார், அடுத்த முறை சரியாகச் செய்தார். இரண்டு போனையும் இரண்டு பாக்கெட்டில் போட்டுக்கொண்டு படி இறங்கியவர், திரும்பி வந்து மேஜைக்கு முன்னால் நின்று சொன்னார்: “எம்புள்ள எப்பவாச்சும் இங்க வந்து கேட்டான்னா, அப்பா ஐபோன்தான் வச்சிருக்காருன்னு சொல்லும்மா. பொய் இல்லையே, வச்சிருக்கேன்தானே.”

இவ்வளவையும் பார்த்த பிறகு, எந்தப் போன் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் கேமராவையும் பேட்டரியையும் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, “நீங்க தினமும் பேசறவங்க என்ன போன் வச்சிருக்காங்க?” என்றுதான் முதலில் கேட்கிறேன். பாதிப் பேர், கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுகிறார்கள் என்பதில்தான் என் முதலாளிக்கு வருத்தம்.