மேவிஸ் ஜெனீவாவுக்கு ஓட்டிப்போன பெரிக்ரின்

இங்கிலாந்தில், பில்ஸ்டனில் எங்கள் கார் தொழிற்சாலையில் இருநூறு பேர் வேலை பார்த்தோம். அத்தனை பேருக்கும் மேவிஸ் டாங்க்ஸைத் தெரியும், வேன்காரி என்று. உதிரிபாகங்களை ஏற்றிக்கொண்டு பர்மிங்ஹாமுக்கும் கவென்ட்ரிக்கும் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருப்பாள். போர்க்காலத்தில் குண்டு விழுந்த தெருக்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். அதைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாங்கள் செய்தது பெரிக்ரின் என்ற கார். இரண்டு கதவு, நான்கு இருக்கை, முன்னால் எட்டு சிலிண்டர் அமெரிக்க இன்ஜின். முதலாளி ஆஸ்ட்பரி ஒரு தகரக் கொட்டகையில் ஆறு பேரை வைத்து ஆரம்பித்தார். முதல் வண்டியில் மழை ஒழுகியது. இரண்டாவது மாடல் சூடேறி வழியில் நின்றது. மூன்றாவதில்தான் எல்லாம் கூடிவந்தது. மணிக்கு நூற்று நாற்பது மைல் போகும், ஆனாலும் உள்ளே இருப்பவர்கள் கத்திப் பேச வேண்டியதில்லை. காலையில் கிளம்பி இரண்டு நாடு தாண்டிப் போய் இறங்கினாலும் இடுப்பு வலிக்கக் கூடாது என்பது ஆஸ்ட்பரியின் கணக்கு. அந்த வண்டியை 1967 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் முதல்முறையாக வெளியுலகத்துக்குக் காட்டுவதாக ஏற்பாடு.

கண்காட்சிக்கென்றே மெருகேற்றிய வண்டியை ஏற்றிச் சென்ற லாரி, டோவர் துறைமுகத்துக்குப் போகும் வழியில் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மிச்சம் இருந்தது சோதனைக்கு ஓட்டும் பச்சை வண்டி ஒன்றுதான். அதை வழக்கமாக ஓட்டும் பெர்சி, நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையில் கிடந்தான்.

"நான் ஓட்டிட்டுப் போறேன்" என்றாள் மேவிஸ்.

மேலாளர் பார்ஜெட்டர் தலையைச் சொறிந்தார். "நீ ஓட்டுவேன்னு தெரியும்மா. ஆனா பொம்பள ஓட்டிட்டு வந்தான்னு பத்திரிகைக்காரங்க நம்மளக் கேலி பண்ணுவாங்களே."

"பண்ணட்டும் சார். வண்டி அங்க போய் நிக்கணுமா, வேண்டாமா?"

ஆஸ்ட்பரி சாவியை அவள் கையில் கொடுத்தார். வழியில் ஏதாவது பழுதானால் பார்க்க மெக்கானிக்காக என்னை அனுப்பினார்கள். அவள் புருஷன் ஹோரஸ் வாசல்வரை வந்து, சீஸும் வெங்காயமும் வைத்த ரொட்டிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினான். "லென், இவ பின்சீட்டுல உக்காந்தாலும் ஓட்டுறவனுக்குப் பாடம் எடுப்பா. முன்னாடி உக்காந்தா என்ன ஆகும்னு நீயே பாத்துக்க."

கப்பலில் கடலைத் தாண்டி, பிரான்ஸில் ரைம்ஸ் நகரில் இரவு தங்கினோம். மறுநாள் டிஜோனுக்குப் போகும் சாலை, இரண்டு பக்கமும் மரம், நேராக ஓடியது. ஒரு சிவப்பு இத்தாலிய வண்டி எங்களை முந்திக்கொண்டு போயிற்று. ஓட்டியவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மேவிஸ் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காலை மட்டும் கொஞ்சம் அழுத்தினாள். மரங்கள் சுவராகிவிட்டன.

"பயமா இருக்கா?"

"இல்ல."

"அப்ப கதவுப் பிடிய விடு. பிச்சு எடுத்துடப் போற. அதுக்குத் தோல் தச்சது நம்ம பட்டறை ஐவி, உன்னக் கொன்னே போட்டுடுவா."

சிவப்பு வண்டி பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பொட்டாகிக் காணாமல் போனது. அவள் என்னிடம் ரொட்டி கேட்டாள்.

மதியத்துக்கு மேல் ஜுரா மலையடிவாரம். தடுப்புக்கட்டையைப் போட்டு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். மேலே பனி, சக்கரத்தில் சங்கிலி கட்டாத வண்டிக்கு அனுமதி இல்லை. டிஜோனில் மேவிஸ் ஒரு கடையில் சங்கிலி வாங்கிப் போட்டபோது, வீண் சுமை என்று நான்தான் முணுமுணுத்தேன். இப்போது நானே மண்டியிட்டுப் பின்சக்கரங்களில் கட்டினேன். போலீஸ்காரர் இன்ஜினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இவ்வளவு பலமான வண்டிக்குப் பின்பக்கம் நிற்காது, வழுக்கும் என்று கைகளால் காட்டினார்.

"பின்னால ஏறு" என்றாள் மேவிஸ் என்னிடம்.

"என்னது?"

"நீயும் கருவிப்பெட்டியும் பின்சீட்டுக்கு. பாரம் சக்கரத்து மேல இருக்கணும். இத்தன வருஷமா நீ தின்ன பன்றிக்கறிக்கு இன்னிக்குத்தான் ஒரு பிரயோஜனம்."

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே கட்டையைத் தூக்கினார். இரண்டாவது கியரிலேயே ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் வெளியே போகப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அவள் ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டு அதைக் கூப்பிட்டுக்கொண்டாள். பயத்தையும் மறந்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியில் வண்டியை நிறுத்தினாள். கீழே ஏரி, அதற்கு அப்பால் வெள்ளை மலைகள். அவள் அவற்றைப் பார்க்கவில்லை. இறங்கிப்போய் இன்ஜின் மூடிமேல் கை வைத்து நின்றாள்.

"நம்ம பில்ஸ்டன்ல செஞ்சது, லென்" என்றாள்.

ஜெனீவா அரங்கில் எல்லா வண்டிகளும் கண்ணாடிபோலப் பளபளத்தன. பெரிக்ரின் கதவுவரை சேறும் உப்புமாக இருந்தது. அதை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, மற்ற கம்பெனிகளின் வேலையாட்கள் ஒவ்வொருவராகக் கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஜெர்மன்காரர் ஒருவர் சக்கரத்தில் இருந்த சங்கிலித் தடத்தைக் குனிந்து பார்த்தார். மேவிஸைப் பார்த்தார். கைதட்டுவதற்குப் பதிலாகக் கையிலிருந்த ஸ்பானரால் மேசையைத் தட்டினார். பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். அந்தப் பெரிய மண்டபம் முழுக்க இரும்புச் சத்தம். அத்தனை பேரும் எங்களைப் போலக் கை கறுத்த ஆட்கள். என் கண் நிறைந்துவிட்டது. மேவிஸ் கைப்பையைத் துழாவிச் சீப்பைத் தேடுவதுபோல் நடித்தாள்.

முன்னதாகவே விமானத்தில் வந்திருந்த பார்ஜெட்டர் உடனே கழுவச் சொன்னார். கழுவினோம். ஆனால் விஷயம் அதற்குள் அரங்கு முழுக்கப் பரவிவிட்டது. இங்கிலாந்திலிருந்து மலை ஏறி வந்த வண்டி இதுதானா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். ஒரு பத்திரிகைகூடக் கேலி செய்யவில்லை. அந்த வாரம் வந்த கிராக்கியில் எங்களுக்கு ஒன்றரை வருடத்துக்கு வேலை இருந்தது.

ஊர் திரும்பியதும் மேவிஸ் பழையபடி வேனில் ஏறிவிட்டாள். உடம்பு தேறி வந்த பெர்சிதான் ஆஸ்ட்பரியிடம் போய்ச் சொன்னான்: "அந்த மலையில நான் வண்டிய ஏத்தியிருக்க மாட்டேன் சார். சோதனை ஓட்டம் இனி அவகிட்டப் போகட்டும்." அப்புறம் தொழிற்சாலை மூடும்வரை, மேவிஸ் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு பெரிக்ரின்கூட வாசலைத் தாண்டவில்லை.

ஒருநாள் சோதனை ஓட்டத்தில் இருந்தபடியே மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பெரிக்ரினை வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். தெருவே கூடிவிட்டது. பஸ்ஸைத் தவிர வேறெதிலும் ஏறாத ஹோரஸ், வீட்டுச் செருப்போடு வந்து உட்கார்ந்தான். பக்கத்து ஊரான பிரிட்ஜ்நார்த் வரை போய்த் திரும்பினார்கள். அன்று மாலை மதுக்கடையில் எல்லோரும் அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

"எப்படிப்பா இருந்துச்சு வண்டி?" என்றேன்.

"வண்டிய யாரு பாத்தா?" என்றான் ஹோரஸ். "நான் என் பொண்டாட்டி ஓட்டுறதப் பாத்துட்டே வந்தேன்."