வானின் தரையில் பாதரசம்

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசியில், இலங்கையில் போரோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த மறுநாள் காலை, எங்கள் வேலை வண்டியான வானின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஒருவரையும் ஏறவிடாமல் நான் கதவை மறித்து நின்றேன். அன்று என்னைத் துரோகி என்றவர்கள் உண்டு. நான் சொன்னதும் குறைவில்லை.

அக்காவின் கணவரும் நானும் டென்மார்க்கில், கோபன்ஹேகனுக்குப் பக்கத்து டோஸ்ட்ருப்பில் வீடுகளுக்கு ஹீட்டரும் குளிரூட்டியும் பூட்டிக்கொடுக்கும் சிறிய தொழில் நடத்தினோம். அந்த மாதம் வயதானவர்கள் இருக்கும் குடியிருப்பொன்றில் வேலை. சுவர்களில் இருந்த, அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டுகளைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டவேண்டும். பழையவற்றுக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ், அதற்குள் பாதரசம். குமிழ் உடைந்தால் பாதரசம் மணிமணியாக உருண்டோடும். கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகவும் கிளம்பும். ஆளைக் கெடுப்பது அந்த ஆவிதான். அதனால் நான் எதையும் பிரிக்காமல் முழுசாகக் கழற்றி, தனித்தனியே பிளாஸ்டிக் பையில் சுற்றி, மூடியுள்ள வாளிக்குள் நிமிர்த்தி அடுக்கினேன். வாளியின் மேல் டெனிஷில் 'பாதரசம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். நாற்பத்தொரு தெர்மோஸ்டாட்டுகள். ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை. அவற்றை நகரசபையின் கழிவு நிலையத்தில், ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைப்பது மட்டும்தான் மிச்சம்.

அத்தானின் தம்பி, மனைவி பிள்ளைகளோடு, போர் நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தான். அத்தான் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டு, நாள்தோறும் எங்கள் வானில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போரை நிறுத்தச் சொல்லிக் கோபன்ஹேகனில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போனார்.  இரண்டு பேரின் வேலையையும் தனியே செய்தேன். வியாழக்கிழமை ஒரேயொரு உதவிதான் கேட்டேன்.

"அத்தான், போற வழியில இந்த வாளியைக் குடுத்திட்டுப் போங்கோ."

"ஓம் பிள்ளை, நான் பாக்கிறன்."

செய்தி வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, நானும் ஆர்ப்பாட்டத்துக்குப் போவதாக வந்தேன். வாகனத் தரிப்பிடத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அழுது வீங்கிய முகங்கள். ஒரு இளம் தாய் ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். குழந்தையின் தள்ளுவண்டிக்கு இடம் எடுக்கப் பின்கதவைத் திறந்து பதாகைகளை நகர்த்தினேன். அவற்றுக்கடியில் வாளி சரிந்து கிடந்தது. மூடி தனியே கிடந்தது. இரப்பர் விரிப்பின் கோடுகளுக்குள், பின் சீட்டின் கால்வரைக்கும், வெள்ளி மணிகள்.

ஐந்து நாள். அந்தத் தாய் ஐந்து நாளும் அதே சீட்டில்தான் போய்வந்திருக்கிறாள். பிள்ளை அதே தரையில் தவழ்ந்திருக்கிறது.

"ஒருத்தரும் ஏறாதைங்கோ!" என்று கத்தினேன். ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்து கதவை மறித்தேன். அத்தான் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கூட்டத் தும்புத்தடியை எடுத்தார்.

"கூட்டாதைங்கோ! கூட்டினா இன்னும் பரவும். குடுக்கச் சொன்னனான் எல்லோ? என்ன செய்தனீங்கள்?"

"நேரம் கிடைக்கேல்லைப் பிள்ளை. அங்க சனம் செத்துக் குவிஞ்சு கிடக்கு. நீ இந்த ரசத்துக்கு நிண்டு கத்துறாய்."

கூட்டத்தில் ஒருவர், "இந்த நேரத்திலயும் மறிக்கிறா. துரோகி," என்றார்.

கோபம் என் கண்ணை மறைத்துவிட்டது. அத்தானைப் பார்த்துச் சொன்னேன்: "அங்க இருக்கிறவையைக் காப்பாத்த உங்களால ஏலாது. இஞ்ச இருக்கிறதுகளையாவது கொல்லாமல் இருங்கோ."

அவர் தும்புத்தடியைக் கீழே போட்டார். எல்லோரும் பதாகை இல்லாமலே ரயிலுக்கு நடந்தார்கள். அந்தத் தாயை மட்டும் நிறுத்தி, நேரே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றேன். காகித அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மூடியுள்ள போத்தலில் விட்டேன். எஞ்சிய துணிக்கைகளை டேப்பால் ஒற்றினேன். விரிப்பைச் சுருட்டிப் பையில் கட்டினேன். மத்தியானம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன். அத்தானை, டெனிஷ் தொலைக்காட்சியை, உலகத்தை.

கழிவு நிலையத்தில் வாளியையும் விரிப்பையும் இறக்கிய பிறகு, ஒரு டெனிஷ்காரர் போத்தலை இரண்டு கையாலும் வாங்கித் தனித் தட்டில் வைத்துப் படிவத்தை நிரப்பினார். வானுக்குள் கிடந்த பதாகையைப் பார்த்துவிட்டு, "செய்தியில் பார்த்தேன். உங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டதாமே, நல்லதுதானே?" என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். அவருடைய மேசையைக் கவிழ்க்கவேண்டும் போலிருந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

தாய்க்கும் பிள்ளைக்கும் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. அத்தானோடு நான் நாலு மாதம் வேலைக்குத் தேவையானதைத் தவிர எதுவும் கதைக்கவில்லை. அவருடைய தம்பியைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. இன்றுவரை இல்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு வீட்டில் ரேடியேட்டர் பூட்டிக்கொண்டிருந்தபோது, கேளாமலே அவராகச் சொன்னார்.

"நீ சொன்ன வியாழக்கிழமையே நான் அந்த வாளியைக் கொண்டு போனனான் பிள்ளை. கழிவு நிலையக் கேற்றில வாளிக்குள்ள என்ன எண்டு கேட்டாங்கள். மூடியைத் திறந்து காட்டினன். அப்பதான் வன்னியில இருந்து என்ர தம்பியின்ர போன் வந்தது. ரெண்டு நிமிசம் கதைச்சிருப்பான், அதுதான் கடைசி. பிறகு வாளியைத் தூக்கி வைச்சதோ, வானைத் திருப்பினதோ எனக்கு ஞாபகமே இல்லை."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். "அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம் தானே?"

"நீ கத்திக்கொண்டெல்லோ நிண்டனி."

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. இந்தமுறை யார்மேல் என்று பிரித்தெடுக்க முடியவில்லை. "மூடியையாவது இறுக்கியிருக்கலாம்," என்றேன்.

"ஓம்," என்றார் அத்தான். ரேடியேட்டரின் மற்ற முனையைத் தூக்கிப் பிடித்தார்.