கடையில்லாத கடைக்காரியின் ஜெபம்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என் பெயர் கிரேஸ். சங்கரன்கோவிலில் குடியிருக்கிறோம். போன வருஷம் லெந்து என்கிற தவக்காலத்துக்கு முந்தின வாரம் நான் செத்துப்போனால் நல்லது என்று நினைத்தேன். அந்த வாரத்தைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருந்தால் அது நன்றிகெட்டதனம்.

என் கணவர் செல்வின் வேலை பார்த்த விசைத்தறிக் கூடத்தை மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்தே பிழைக்கலாம் என்று நான் டிராப்ஷிப்பிங்கில் இறங்கினேன். பேர்தான் பெரிது. வடக்கே இருக்கிற ஒரு வியாபாரி சேலைப் படங்கள் அனுப்புவார். அதை என் ஆன்லைன் பக்கத்தில் போடுவேன். ஆர்டர் வந்தால் அவரிடம் சொல்வேன். அவரே என் கடைப் பேரை ஒட்டி வாங்குகிறவர்களுக்கு நேரடியாகப் பார்சல் போட்டுவிடுவார். சேலையை நான் கையால்கூடத் தொடவேண்டாம். சபையில் என்னை “ஜவுளிக்கடை முதலாளியம்மா” என்று கேலி செய்வார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

கிறிஸ்துமஸ் வரை நன்றாக ஓடியது. அப்புறம் எல்லாம் தலைகீழ். பச்சை கேட்டவருக்குச் சிவப்பு போனது. இன்னொருவருக்குக் கிழிசல் போனது. பார்சலில் என் விலாசம்தானே இருக்கிறது? திருப்பி அனுப்பியதெல்லாம் என் வீட்டுக்கே வந்தது. வியாபாரி எதையும் திரும்ப வாங்கவில்லை. கடைசியில் போனையே அணைத்துவிட்டார். வந்த பார்சல்களைப் பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஜெபித்தேன், அழுதேன். ஒன்றும் மாறவில்லை. ஆண்டவர் என்னை மறந்துவிட்டார் என்றே முடிவு கட்டினேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் ராகேல் அக்கா வந்து நின்றார்கள். அதற்குமுன் அவர்களை நான் பார்த்ததில்லை. சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

“கடை எங்கனம்மா இருக்கு? ரதவீதி பூரா சுத்திட்டு வாரேன், ஒருத்தருக்கும் தெரியல.”

“கடை இல்லக்கா. ஆன்லைன்தான்.”

“கடை இல்லன்னா சேலையெல்லாம் எங்கன வச்சிருக்க?”

நான் பதில் சொல்வதற்குள் பையிலிருந்து பார்சலை எடுத்து விரித்தார்கள். கறுப்புச் சேலை. அவர்கள் மகள் ஜென்சி கேட்டிருந்தது சந்தன வெள்ளையில் மெல்லிய ஜரிகைக் கரை. வருகிற திங்கட்கிழமை அவர்கள் சபைக் கோவிலில் கல்யாணம். அதை விட்டால் லெந்து, கல்யாணம் வைக்க முடியாது. தகப்பன் இல்லாத பிள்ளை. இன்னொரு சேலை எடுக்க அவர்களுக்கு வழியில்லை. வாங்கிக் கொடுக்க எனக்கும் வழியில்லை, என் கம்மல்கூட அடகில் இருந்தது.

“கல்யாணப் பிள்ளைக்குக் கறுப்பா அனுப்புவாவ? நீ பாத்துத்தான அனுப்புன?”

“பாக்கலக்கா.”

“பாக்காமலேயா விக்குத?”

அதற்குமேல் அவர்கள் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். “நம்ம ஊர்ப்பக்கத்துப் பிள்ளைன்னு நம்பித்தான மக்கா எடுத்தேன்” என்று அழுதார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

அடுப்படிக்குள் போய் முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, என்னை எவ்வளவு வேண்டுமானாலும் அவமானப்படுத்தும். அந்தப் பிள்ளை உம்முடைய சந்நிதிக்கு அழுதுகொண்டா வரவேண்டும்?” என்று கேட்டேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சமாதானமும் வரவில்லை. வாய்விட்டுக் கதறினேன்.

என் கதறல் கேட்டு ராகேல் அக்கா உள்ளே வந்தார்கள். பக்கத்தில் முழங்கால் போட்டு என் தலையில் கை வைத்தார்கள். “கர்த்தாவே, இந்தப் பிள்ள பயந்து கெடக்கா. அவ எந்திரிக்கப் பெலன் தாரும்” என்று ஜெபித்தார்கள். தன் மகளின் சேலைக்காக வந்தவர்கள் எனக்காக ஜெபித்தார்கள்.

எழுந்து வெளியே வந்தபோது கட்டிலடி அவர்கள் கண்ணில் பட்டது.

“இதெல்லாம் என்னது?”

“திரும்பி வந்ததுக்கா. பயத்துல பிரிக்கவே இல்ல.”

“நான் இருக்கேன்லா? பிரி, பாப்போம்.”

இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்தோம். நீலம், சிவப்பு, சாயம் போன ஒன்று. பிரிக்கப் பிரிக்க எனக்கு நம்பிக்கை வற்றிக்கொண்டே வந்தது. குருவிகுளத்திலிருந்து திரும்பி வந்த ஒரு பார்சலைப் பிரித்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சந்தன வெள்ளை. படத்தில் இருந்த அதே கரை. போனில் அந்த ஆர்டரைத் தேடிப் பார்த்தேன். கறுப்பு கேட்ட குருவிகுளத்து அம்மாவுக்கும் ஜென்சிக்கும் விலாசத்தை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்! அக்கா சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஆண்டவர் மறந்துவிட்டார் என்று நான் எந்தக் கட்டிலில் படுத்து அழுதேனோ, அந்தக் கட்டிலுக்கு அடியிலேயே அவர் பதிலை வைத்திருந்தார்.

திங்கட்கிழமை சிவகிரி கோவிலில் அந்தச் சேலையில் ஜென்சியைப் பார்த்தேன். கறுப்புச் சேலை குருவிகுளம் போய்ச் சேர்ந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அந்த வியாபாரி அகப்படவே இல்லை. இன்றும் சிலர் போனில் திட்டுகிறார்கள். நான் எடுத்துப் பேசுகிறேன். இப்போது நம் ஊர்த் தறிச் சேலைகளை விற்கிறேன். செல்வினும் நானும் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, ஒரு சின்ன ஜெபம் சொல்லித்தான் பார்சல் கட்டுகிறோம்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் பயத்தில் பிரிக்காமல் தள்ளி வைத்தது ஏதாவது கிடக்கும். ஆண்டவரை நம்பி அதை வெளியே இழுங்கள். தனியாகப் பிரிக்கப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நானும் ராகேல் அக்காவும் வந்து பக்கத்தில் உட்காருகிறோம்.